பெர்லினிலிருந்து வந்த இரண்டு இசைத்தட்டுகள்

மேனாட்டு இசை என்றவுடன் நம் இல்லங்களில் இரண்டு காட்சிகளே மனத்தில் எழுதல் வழக்கம். ஒன்று, பெரியதொரு மண்டபத்தில் நூறு கலைஞர் வயலினும் குழலும் ஏந்தி அமர்ந்திருக்க, ஒருவர் சிறு கோல் கொண்டு அவர்களை நடத்தும் காட்சி. மற்றொன்று, விளக்கொளி சிதறும் இருட்டறையில் இளைஞர் கூட்டம் விடியும்வரை ஆடும் காட்சி. முன்னதைப் பெரியோர் மதிக்கின்றனர், ஆனால் கேட்பதில்லை. பின்னதை இளையோர் கேட்கின்றனர். பெரியோரோ கதவைச் சாத்தச் சொல்கின்றனர். இவ்விரண்டு காட்சிகளுக்கும் இடையே நின்று ஆயுள் முழுதும் உழைத்துவரும் ஒரு ஜெர்மானியக் கலைஞரைப் பற்றியும், அண்மை ஆண்டுகளில் அவர் வெளியிட்ட இரண்டு இசைத்தட்டுகளைப் பற்றியும், அவற்றை நம் குடும்பத்தில் கேட்டவர் ஒருவரைப் பற்றியும் இத்திங்கள் எழுத விழைகின்றோம்.

நம் இதழில் இப்பொருளுக்கு இடம் ஏது என்று அன்பர்கள் வினவலாம். நாம் தமிழகத்தினின்று பிழைப்பு நாடித் தலைநகர் வந்தோம். நம் மக்கள் தலைநகரினின்று பெர்லினுக்கும் மியூனிக்கிற்கும் செல்கின்றனர். நாம் ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் வடகமும் வற்றலும் வந்தன. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் இசைத்தட்டு வருகின்றது. வீட்டிற்குள் வந்துவிட்ட பொருளை என்னவென்று அறிந்துகொள்ளுதல் இல்லறத்தார்க்கு முறைதானே!

கலைஞரின் பெயர் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்ட். 1962-ஆம் ஆண்டு பிறந்தவர், அறுபதைக் கடந்தவர். ஹாம்பர்க் நகரத்தில் முறைப்படி தாளக் கருவிகள் பயின்றவர். 1980-களில் அந்நகரத்துப் பாலே ஷாம்பர்க் என்னும் குழுவில் தாளம் வாசித்தார். பின்னர்ப் பெர்லின் சென்று, டெக்னோ என்று உலகம் அழைக்கும் இசையில் தமக்கென ஒரு வழி வகுத்தார்.

டெக்னோ என்பது யாது? சுருங்கச் சொல்லின், எந்திரங்களால் எழுப்பப்படும் தாளத்தை முதலாகக் கொண்ட இசை அது. நிமிடத்திற்கு ஏறத்தாழ 120 முதல் 140 அடிகள். அளவு மாறாத நான்கு நான்கு அடிகளாக அது நடக்கும். ஜப்பானிய நிறுவனமாகிய ரோலண்ட் 1980-இல் 808 என்னும் தாளப் பொறியையும், 1983-இல் 909 என்னும் பொறியையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இவ்விசையின் நடைக்கு அப்பொறிகளே பெரும்பாலும் கால் கொடுத்தன.

அது பிறந்த ஊர் ஜெர்மனியில் இல்லை. அமெரிக்காவில் மோட்டார் வண்டித் தொழிலால் ஓங்கிப் பின்னர்த் தாழ்ந்த டெட்ராய்ட் நகரத்தில், ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் முதலிய கறுப்பின இளைஞர்கள் 1980-களில் அதனை உருவாக்கினர். தந்தையர் தொழிற்சாலைகளில் எந்திரங்களுக்கு உழைத்தனர் எனில், மைந்தர் எந்திரங்களைத் தமக்கு உழைக்க வைத்தனர் என்னலாம்.

1989-ஆம் ஆண்டு நவம்பர் 9-ஆம் நாள் பெர்லின் மதில் திறந்தது. கிழக்குப் பகுதியில் கேட்பாரற்றுக் கிடந்த கிடங்குகளும் தொழிற்கூடங்களும் நிலவறைகளும் இளைஞர் கைக்கு வந்தன. கிழக்கிலும் மேற்கிலும் வளர்ந்தவர்கள் முதன்முதலாக ஒரே கூரையின்கீழ் ஆடிய இடங்கள் அவை. 1991-இல், பழைய பல்பொருள் அங்காடி ஒன்றின் நிலத்தடிப் பெட்டக அறையில் டிரேசார் என்னும் ஆடற்கூடம் தொடங்கியது. அச்சொல்லுக்கே பெட்டகம் என்பதுதான் பொருள். அவ்விடம் 2005-இல் மூடப்பட்டு, 2007-இல் பழைய மின்நிலையம் ஒன்றில் மறுபடியும் திறக்கப்பட்டது. அதன் பெயரிலேயே இசைத்தட்டு நிலையமும் நடந்துவருகின்றது. ஒருகாலத்தில் அண்டை வீட்டாரின் முறையீட்டுக்கு ஆளான இந்தக் கலையை, 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், பெர்லின் நகரத்து டெக்னோப் பண்பாடு என்னும் பெயரால் ஜெர்மனி தன் நாட்டளவிலான தொட்டுணரா மரபுச்செல்வப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது.

நிற்க. ஃபான் ஓஸ்வால்ட் 1992-இல் டெட்ராய்ட்டின் ஹுவான் அட்கின்ஸோடும், தம் பழைய குழுத் தோழர் தாமஸ் ஃபேல்மனோடும் சேர்ந்து இசைத்தட்டு வெளியிட்டார். அடுத்த ஆண்டு மார்க் எர்னஸ்டஸ் என்னும் நண்பரோடு பேசிக் சானல் என்னும் வெளியீட்டைத் தொடங்கினார். எர்னஸ்டஸ் 1989-இல் பெர்லினில் ஹார்ட் வாக்ஸ் என்னும் இசைத்தட்டுக் கடையை நிறுவியவர். 1993 முதல் 1995 வரை இவ்விருவரும் அப்பெயரில் வெளியிட்ட பெரிய தட்டுகள் 9 மட்டுமே. தம் பெயரையும் படத்தையும் அவர்கள் முன்னிறுத்தவில்லை. பேட்டிகளையும் பெரும்பாலும் தவிர்த்தனர். விளம்பரமே தொழிலாகிவிட்ட உலகத்தில், அந்த 9 தட்டுகள் இன்றும் தேடி வாங்கப்படுகின்றன.

அவற்றில் என்ன இருக்கின்றது என்று கேட்டால், சொல்லுதல் எளிது. கேட்டுத் தெளிதலே கடினம். சில சுரங்களை ஒருங்கே ஒலிக்கும் ஒரு சிறு கூட்டொலி, அவ்வளவே. அந்த ஒன்றே திரும்பத் திரும்ப வரும். ஆனால் ஒருமுறை வந்தது போல் மறுமுறை வராது. ஒலியை வடிகட்டும் பொறி மெல்லத் திறந்து மூடும்போது அதன் நிறம் மாறும். எதிரொலிப் பொறியின் வழியே சென்ற ஒலி தாளத்தின் இடுக்குகளில் வந்து விழும்போது, இல்லாத தாளமொன்று பிறக்கும். கடற்கரையில் நின்று அலையை எண்ணுபவன் முதல் பத்து அலைகளை ஒன்றென்றே நினைப்பான். அரைமணி நின்றால்தான் எந்த இரண்டு அலைகளும் ஒன்றல்ல என்று காண்பான். பேசிக் சானல் கேட்கும் முறையும் அத்தகையதே.

எதிரொலியை இவ்வாறு ஆளும் கலையை அவர்கள் ஜமெய்க்கா தீவினின்று கற்றனர். கிங்ஸ்டன் நகரத்தில் மின்கருவி பழுது பார்த்துவந்த கிங் டப்பி என்பவர், 1970-களில், பாடலினின்று குரலை எடுத்துவிட்டு, அடித்தாளத்தையும் கீழ்ச்சுரத்தையும் மட்டும் நிறுத்தி, இடையிடையே எதிரொலியைத் தூவும் முறையை வளர்த்தார். டப் என்று அதற்குப் பெயர். பாட்டை நீக்கியபின் எஞ்சுவது என்ன என்று ஆராய்ந்த கலை அது.

குடிபெயர்ந்து வாழும் நமக்கு இவ்விடத்தில் ஒரு செய்தி உண்டு. ஜமெய்க்காவினின்று நியூயார்க் சென்று குடியேறிய லாயிட் பார்ன்ஸ் என்பவர், அந்நகரத்து பிராங்க்ஸ் பகுதியில் வாக்கீஸ் என்னும் ஒலிப்பதிவுக் கூடம் நடத்தினார். தாய்மண்ணின் இசையைக் குளிர்நாட்டில் பதிந்த அந்தத் தட்டுகள் கிடைத்தற்கரியனவாகிவிட்டன. அவற்றை 2001 முதல் மீண்டும் அச்சிட்டு உலகுக்கு அளித்தவர்கள் பெர்லினில் இருந்த இவ்விரு ஜெர்மானியர்களே. மேலும், கரீபியக் கடலில் டொமினிக்காத் தீவிலே பிறந்து பெர்லினில் வாழ்ந்த பால் செயின்ட் ஹிலேர் என்னும் பாடகர், ரிதம் அண்ட் சவுண்ட் என்ற பெயரில் இவர்கள் வெளியிட்ட இசைத்தட்டுகளில் பாடினார். ஊரைவிட்டு வந்தவன் தன் பாட்டை ஊரிலேயே விட்டு வருவதில்லை. அதைப் பேணிக் காப்பவன் தன் இனத்தானாகவே இருப்பான் என்பதும் உறுதியில்லை. ஆர்வமுள்ள அயலான் ஒருவன் போதும்.

2008-ஆம் ஆண்டு ஃபான் ஓஸ்வால்டின் வாழ்வில் இரு நிகழ்ச்சிகளுக்கு உரியது. கார்ல் கிரெய்க் என்னும் டெட்ராய்ட் கலைஞருடன் சேர்ந்து, பெர்லின் ஃபில்ஹார்மோனிக் குழுவை ஹெர்பர்ட் ஃபான் காராயன் நடத்திய பழைய பதிவுகளை எடுத்து, அவற்றைக் கொண்டே புதியதோர் இசையை அவ்வாண்டு ஆக்கினார். டாய்ச் கிராமஃபோன் என்னும் புகழ்பெற்ற நிறுவனம் அதனை வெளியிட்டது. எடுத்துக்கொண்ட உருப்படிகளுள் ராவேல் 1928-இல் இயற்றிய பொலேரோவும் ஒன்று. ஒரு சிறு பறை ஒரே தாளத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை விடாது ஒலிக்கும் உருப்படி அது. அதே ஆண்டிலே அவரைப் பக்கவாதம் தாக்கியது. தாளக் கருவி பயின்ற கைகளை உடைய ஒருவருக்கு, நாற்பத்தாறு வயதை ஒட்டி, இத்தாக்குதல் நேர்ந்தது.

இந்த இடத்தில் நம் குடும்பச் செய்தியைச் சொல்லுதல் வேண்டும்.

நம் தமக்கையாரின் கணவரை நாம் அத்தான் என்றே அழைப்போம். மயிலாடுதுறையில் இளமையில் மிருதங்கம் கற்றவர். மத்திய அரசின் கணக்குப் பிரிவில் பணியாற்றித் தலைநகரில் ஓய்வு பெற்றவர். கச்சேரி மேடை அவருக்கு வாழ்க்கையாகவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அவர் இல்லத்தின் முன்னறையில் எட்டுப் பிள்ளைகள் பாய் விரித்து அமர்ந்திருப்பர். தில்லியின் குளிரிலும் வெயிலிலும் சுருதி மாறும் மிருதங்கத்தைப் புள்ளும் கல்லும் கொண்டு தட்டிச் சுருதி சேர்ப்பதிலேயே அவருக்குப் பாதி வகுப்புப் போய்விடும் என்று தமக்கையார் கேலி பேசுவார்.

அவர்தம் ஒரே மகள் பொறியியல் கற்று 2018-இல் பெர்லின் சென்றாள். ஃபான் ஓஸ்வால்ட் என்ற பெயரை நம் இல்லங்களுக்குள் கொண்டுவந்தவள் அவளே. 2021-இல், பெருந்தொற்றால் அவள் வரவியலாதிருந்த காலத்தில், புதிதாக வெளியான ஓர் இசைத்தட்டைத் தந்தையார்க்குக் கைப்பேசி வழியே அனுப்பினாள். டிஸென்ட் என்பது அதன் பெயர். உடன்படாமை என்று பொருள் கொள்ளலாம்.

அந்த இசைத்தட்டின் வரலாறு இது. பக்கவாதத்திற்குப் பின்னர், ஃபான் ஓஸ்வால்ட் மூவர் குழுவொன்றில் முனைந்தார். 2009-இல் அக்குழுவின் முதல் தட்டாகிய வெர்ட்டிகல் அசென்ட் வெளிவந்தது. மாக்ஸ் லோடர்பவர் மின்னிசைக் கருவியும், ஃபின்லாந்து நாட்டு சாசு ரிபாட்டி உலோகத் தாளக் கருவிகளும் இசைத்தனர். 2011-இலும் 2012-இலும் மேலும் தட்டுகள் வந்தன. 2015-இல் வெளியான சவுண்டிங் லைன்ஸ் என்பதில், நைஜீரியாவின் புகழ்மிக்க தாளக் கலைஞர் டோனி ஆலன் வாசித்தார். ஃபெலா குட்டியின் இசைக்கு முதுகெலும்பாயிருந்த அவர் 1940-இல் பிறந்து 2020-இல் பாரிசில் மறைந்தவர்; அத்தட்டு வெளிவந்தபோது எழுபதைக் கடந்திருந்தார். 2021-இன் டிஸென்டில் குழுவினர் புதியர்: அமெரிக்கக் கலைஞர் லாரல் ஹேலோ விசைப்பலகையிலும், ஜெர்மானிய ஜாஸ் கலைஞர் ஹைன்ரிஹ் கோபர்லிங் தாளக் கருவிகளிலும் அமர்ந்தனர்.

அத்தான் அதனை முழுதும் கேட்டார். மகள் தொலைபேசியில் கருத்துக் கேட்டபோது, “வாசிப்பவர் நல்ல பொறுமைசாலி அம்மா. ஆனால் இவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து வாசிக்கிறாரே, இவருக்குத் தனி ஆவர்த்தனம் எப்போது விடுவார்கள்?” என்றார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் சொன்னது விளையாட்டுப் பேச்சாயினும் உண்மையைத் தொட்டது. அவ்விசையில் எவருக்கும் தனி இல்லை. ஒருவர் முன்வந்து மற்றவர் பின்வாங்கும் முறையே அதில் இல்லை. மூவரும் ஒரே நெசவில் இழைகளாய் ஓடுகின்றனர். நம் கச்சேரிப் பழக்கத்தில் வளர்ந்த செவிக்கு இது முதலில் குறையாகத் தோன்றும். குறையன்று, வேறு முறை.

2022-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், ஒரு விடியற்காலையில், அத்தானைப் பக்கவாதம் தாக்கியது. இடக்கையும் இடக்காலும் செயலற்றன. பேச்சுக்கு ஊறில்லை, நினைவுக்கும் ஊறில்லை. நான்கு திங்களில் கோலூன்றி நடந்தார். விரல்கள் மட்டும் திரும்பவில்லை.

மிருதங்கம் அறிந்தவர்களுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். வலந்தலை சொற்களைப் பேசுகின்றது. இடந்தலையே அவற்றுக்கு நிழல் தருகின்றது. தொப்பியின் மேல் உள்ளங்கை அழுந்தி நகரும்போது எழும் கும்கி இல்லாத மிருதங்கம், உப்பில்லாத குழம்பு. மேலும் இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டுவதற்கே இரண்டு கைகள் வேண்டும். அத்தான் மிருதங்கத்திற்கு உறையிட்டு அலமாரியின் மேல் வைக்கச் சொன்னார். பிள்ளைகளின் பெற்றோர்க்கு வேறு ஆசிரியரின் முகவரியை அவரே எழுதிக் கொடுத்தார். “கையால் காட்ட முடியாதவன் எதைச் சொல்லித் தருவது?” என்றார். பெர்லினிலிருந்த மகள் வேலையை விட்டு வந்துவிடுகிறேன் என்றாள். “நீ வந்தால் என் விரல் வருமா?” என்று கேட்டுத் தடுத்துவிட்டார். அந்த வினாவின் கடுமை அவளை நெடுநாள் வருத்தியது என்பதை நாம் அறிவோம்.

ஓராண்டுக்கு மேல் அவ்வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்பது வெறும் விடுமுறை நாளாயிற்று.

2023-ஆம் ஆண்டு இறுதியில் மகள் வந்தாள். பெட்டியில் ஃபான் ஓஸ்வால்டின் அடுத்த இசைத்தட்டு இருந்தது. சிலென்சியோ என்பது பெயர். ஸ்பானிய மொழியில் மௌனம் என்று பொருள். அந்த நவம்பரில்தான் டிரேசார் நிலையம் அதனை வெளியிட்டிருந்தது. இயக்கும் பெட்டி வீட்டில் இல்லாமையால், தட்டைக் காட்சிப்பொருளாக மேசைமேல் சாய்த்து வைத்துவிட்டு, அதன் ஒலியைக் கைப்பேசியினின்று சிறிய ஒலிபெருக்கியில் கேட்பித்தாள்.

அது உருவான முறை வியப்புக்குரியது. ஃபான் ஓஸ்வால்ட் முதலில் தம் பெர்லின் கூடத்தில் பழைய சின்தசைசர் கருவிகளைக் கொண்டு இசையை ஆக்கினார். எட்கார் வரேஸ், ஜோர்ஜ் லிகெட்டி, யானிஸ் செனாக்கிஸ் ஆகிய இருபதாம் நூற்றாண்டு இசைமேதைகளிடம் அவருக்கு இருந்த ஈடுபாடே அவ்வாக்கத்துக்கு வித்து. பின்னர், பெர்லினில் வாழும் ஃபின்லாந்து நாட்டு இசையமைப்பாளர் யார்க்கோ ரீஹிமாக்கி, அந்த எந்திர ஒலிகளை மனிதக் குரல்களுக்கு உரிய இசைக்குறிப்பாக மாற்றி எழுதினார். ஃபோக்கல்கன்சார்ட் பெர்லின் என்னும் சேர்ந்திசைக் குழுவின் 16 பாடகர், கிராய்ஸ்பர்க் பகுதியிலுள்ள ஒல்பர்க் தேவாலயத்தில் அதனைப் பாடினர். அப்பாடலும் எந்திர ஒலியும் மீண்டும் ஒருங்கிணைக்கப்பட்டன. பொறி எழுப்பிய ஒலியைத் தொண்டை ஏற்றுக்கொண்டு, தொண்டையின் ஒலியைப் பொறி மறுபடி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இது.

கேட்டால் சொற்கள் இல்லை, பண் இல்லை, பாட்டும் இல்லை. நீண்டு நிற்கும் ஓசைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. சில இடங்களில் மெல்லிய அடிப்பு வந்து மறைகின்றது. சில இடங்களில் இரண்டு சுரங்கள் ஒன்றையொன்று உரசி, காதுக்கு உறுத்துகின்றன. அவ்விடங்கள் நமக்கு இன்றும் உவப்பாயில்லை என்பதை மறைப்பதற்கில்லை. ஆயினும், ஒரு கணத்தில் எந்திரம் என்று எண்ணியது மூச்சு வாங்குவதைக் கேட்டு, அது மனிதர் என்று அறியும்போது உடல் சிலிர்க்கின்றது.

அத்தான் கண்ணை மூடிக் கேட்டார். இடையில் ஒருமுறை, “எத்தனை பேர் பாடுகிறார்கள்?” என்றார்.

“பதினாறு பேர் அப்பா.”

“எந்திரத்துக்காகப் போட்டதை இவர்களுக்கு மாற்றி எழுதினார்களா, இவர்களுக்காகப் போட்டதை எந்திரத்துக்கு மாற்றினார்களா?”

“எந்திரம்தான் முதலில். பிறகு குரல்.”

நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவள், அந்தக் கலைஞருக்கும் 2008-இல் பக்கவாதம் வந்தது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். இரண்டாண்டுகளுக்கு முன் டிஸென்டை அனுப்பியபோது அச்செய்தியை அவள் சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையும் அப்போது இருக்கவில்லை. அத்தான் கேட்ட கேள்வி ஒன்றே: “அதற்குப் பிறகு எத்தனை தட்டு?” அவள் விரல் விட்டு எண்ணினாள். மூவர் குழுவின் தட்டுகளோடு, ஹுவான் அட்கின்ஸோடு 2013-இலும் 2016-இலும் வெளியிட்டவை, கிர்கிசு நாட்டு மரபிசைக் குழுவாகிய ஓர்டோ சக்னாவோடு 2017-இல் வெளியிட்டது, இறுதியில் சிலென்சியோ. எண்ணிக்கை கைவிரல்களைக் கடந்து மறுகைக்குச் சென்றது. “பரவாயில்லை, வேலைக்காரர்தான்” என்றார் அத்தான். அவர் வாயில் அது பெரும் பாராட்டு.

இசை கேட்டு நோய் தீர்ந்த கதைகளை நாம் பலவாறு படித்திருக்கின்றோம். அத்தகைய கதை இதுவன்று. அத்தானின் விரல்கள் அன்றும் அசையவில்லை, இன்றும் அசையவில்லை. நிகழ்ந்தது வேறு. கருவியின் ஒலியைத் தொண்டைக்கு மாற்றும் வழி நமக்கு அயலார் சொல்லித் தெரியவேண்டியதில்லை. கொன்னக்கோல் என்று அதற்கு நம்மிடம் பெயரே இருக்கின்றது. மிருதங்கத்தின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல் உண்டு. முதற்பாடமே சொல்லில்தான் தொடங்குகின்றது. அத்தானுக்கு அது தெரியாததன்று. ஆனால் அவர் அதனைக் கைக்குப் போகும் படிக்கட்டாக மட்டுமே கருதி வந்தார். படிக்கட்டிலேயே ஒருவர் அமர்ந்து வாழலாம் என்பதை அவர் எண்ணியதில்லை. சிலென்சியோவை அவர் மறுமுறை கேட்கக் கேட்டது, அதில் கீழ்க்குரல்கள் தாழ்ந்து நகரும் ஓரிடத்திற்காகவே. “தொம்மை வாயால் இழுக்கலாம் போலிருக்கிறது” என்றார்.

தைத் திங்களில் மூன்று பிள்ளைகள் திரும்பி வந்தனர். அத்தான் நாற்காலியில் அமர்ந்து சொற்கட்டைச் சொல்கின்றார். வலக்கையால் தொடையில் தாளம் போடுகின்றார். மூத்த மாணவன் அவருடைய மிருதங்கத்திலேயே வாசிக்கின்றான். ரவை பிசைந்து இடந்தலையில் ஒட்டும் பணியைத் தமக்கையார் ஏற்றுக்கொண்டார்; சமையலறைக்காரியிடம் விட்டிருந்தால் இத்தனை ஆண்டும் சுருதி நன்றாயிருந்திருக்கும் என்பது அவர் வழக்கு.

எல்லாம் இனிதாயிற்று என்று முடித்தல் உண்மைக்குப் பொருந்தாது. கும்கியை வாயால் ஒலித்துக் காட்டலாம். கையை எப்படி அழுத்துவது என்பதை வாயால் சொல்ல முடிவதில்லை. மாணவன் பிழைபட வாசிக்கும்போது, காட்டித் திருத்த இயலாத கோபத்தில் அத்தானின் முகம் சிவப்பதை நாம் கண்டிருக்கின்றோம். அம்மூவருள் ஒரு சிறுவன் கச்சேரி மேடைக்குத் தகுந்தவன். அவனை அவரே வற்புறுத்தி வேறோர் ஆசிரியரிடம் அனுப்பிவைத்தார். அன்று மாலை அவர் எவருடனும் பேசவில்லை. இழந்தது இழந்ததுதான். எஞ்சியதைக் கொண்டு என்ன செய்யலாம் என்பதே வினா. பாட்டை நீக்கியபின் எஞ்சுவதை ஆராய்ந்த ஜமெய்க்காக் கலைஞரின் வினாவும் அதுவே. பக்கவாதத்திற்குப்பின் மூவர் குழுவோடும், பின் பதினாறு குரல்களோடும் உழைத்த பெர்லின் கலைஞரின் வினாவும் அதுவே என்று நாம் கருதுகின்றோம்.

ஒப்புமை காட்டும்போது எச்சரிக்கை வேண்டும். டெக்னோவின் நான்கடித் தாளத்தையும் நம் ஆதி தாளத்தையும் ஒன்றென்பது பேதைமை. நம் தாளம் கணக்கால் விரிகின்றது. கோர்வை முடியும் இடத்தை நோக்கி மனம் விரைகின்றது. டெக்னோவுக்குச் சேரிடம் இல்லை. நிற்கும் இடத்திலேயே நுணுக்கம் காட்டுகின்றது. கிர்கிசு மரபில் தெமிர் கொமுஸ் என்றொரு கருவி உண்டு. பல்லிடையே வைத்து விரலால் மீட்டுவது. நம் முகர்சிங்குக்கு உறவு. உறவென்று மகிழலாம், நம்மிடமிருந்தே சென்றது என்று உரிமை கொண்டாட வேண்டுவதில்லை. வேறு வேறு ஊர்களில் மனிதர் வாயையே கருவியாக்கிக்கொண்டனர் என்பதே போதிய பெருமை.

கேட்க விரும்பும் அன்பர்களுக்குச் சில சொல்வோம். பேசிக் சானலின் பழைய தட்டுகளினின்று தொடங்க வேண்டா. அவை பழகிய செவிக்கு உரியன. முதலில் 2008-இன் பொலேரோ வழிவந்த உருப்படியைக் கேட்கலாம். வயலினும் குழலும் உங்களைக் கைப்பிடித்து அழைத்துச் செல்லும். அடுத்து, டோனி ஆலன் வாசித்த சவுண்டிங் லைன்ஸ். தாளம் அறிந்தோர்க்கு அது விருந்து. பிறகு டிஸென்ட். சிலென்சியோவை இரவு உணவுக்குப்பின், தெருவோசை அடங்கிய நேரத்தில், ஒலியை மிகுதியாக வையாமல் கேட்டல் நன்று. கைப்பேசியின் சிறு வாயில் கீழ்ச்சுரங்கள் வாரா. நல்ல ஒலிபெருக்கியோ காதணிக் கருவியோ வேண்டும். பத்து நிமிடத்தில் எழுந்துவிடுபவர் எதையும் கேட்டவராகார்.

பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறையில் உங்கள் மகனோ மகளோ பேரனோ வரும்போது, அவர்கள் விரும்பும் இசையில் ஒன்றைத் தேர்ந்து கேட்பிக்கச் சொல்லுங்கள். பிடிக்கிறதா இல்லையா என்பதைப் பிறகு சொல்லலாம். யார் செய்தது, எப்படிச் செய்தார், என்ன வயது, எங்கே கற்றார் என்று முதலில் கேளுங்கள். கேள்வி கேட்கும் பெற்றோரிடம் பிள்ளைகள் மனம்விட்டுப் பேசுகின்றனர். இளையோர்க்கும் ஒரு சொல். நீங்கள் கொண்டுவரும் இசையின் வரலாற்றையும் உடன் கொண்டுவாருங்கள். ஒலியை மட்டும் கேட்பித்தால் வீட்டார்க்கு அது இரைச்சல். அதைச் செய்தவரின் வாழ்வையும் சொன்னால், செவி கொடுக்க ஒரு காரணம் பிறக்கின்றது.

தொலைவில் வாழும் குடும்பங்கள் ஒருவர்க்கொருவர் அனுப்புவன பணமும் படமும் மட்டுமாக இருத்தல் வேண்டா. கேட்டதில் நல்லதையும் அனுப்பலாம். அது யாருக்கு எந்த நேரத்தில் உதவும் என்பதை அனுப்புவோர் முன்னரே அறிதல் இயலாது. அறியாமலே அனுப்பினாலும் அது பயன்படும்.